யாரோட ஆளு?

கையைத் தூக்கச் சொன்ன மனுஷன் ஒரு நாளும் கூடைப்பந்தைத் தொட்டவரில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எனக்குப் பேச்சு வரும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தட்சிணாமூர்த்தி. எங்கள் கெடிலம் மகளிர் கூடைப்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். பந்து வாங்கித் தந்தார், நீல ஸ்கர்ட்டுக்குத் துணி எடுத்துத் தந்தார், வெளியூர் மேட்சுக்கு ரயில் டிக்கெட் போட்டார். அதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரணி பேஸ்கட் போடும்போதெல்லாம் "யாரோட ஆளு?" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஃபவுல் செய்தவள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஆள் தெரிவதற்காக வைத்தது. வக்கீலுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கூண்டில் ஆளை நிறுத்திப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? பேஸ்கட் வாங்கினாலும் கை தூக்க வேண்டும் என்று எங்களுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார். எதிரணியில் எவள் பந்தைப் போட்டாளோ, அவளைக் காவல் காக்க வேண்டியவள் கையைத் தூக்க வேண்டும். வேறு எந்த ஊரிலும் இந்தக் கூத்து கிடையாது. வெளியூரில் நாங்கள் கை தூக்கினால் ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சட்டம் எங்கள் ஆட்டத்தையே கெடுத்தது, அதுதான் கோபம். யாருக்குத்தான் கை தூக்கி நிற்க ஆசை? அவளவள் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வீடு பற்றி எரிந்தாலும் தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பவள் மாதிரி. இந்தக் கலையில் எங்கள் கேப்டன் குணசுந்தரியை யாரும் மிஞ்ச முடியாது. அவள் வக்கீலுடைய அக்கா மகள். அவள் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. "குணாவைப் பாருங்க, அவ ஆளு மூச்சு விட முடியுதா?" என்று வக்கீல் வாரம் தவறாமல் எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

கை தூக்கியே தோள் வலித்தவள் தனம்.

தனம் தேவனாம்பட்டினம் குப்பத்துப் பெண். அப்பா சின்னதம்பி கடலுக்குப் போகிறவர். எஸ்.எஸ்.எல்.சி. தேறி வீட்டில் இருந்தாள். ஜில்லா அணியில் இடம் கிடைத்தால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால் மெட்ராசில் உடற்பயிற்சி ஆசிரியைப் பயிற்சியில் அவளுக்கு ஒரு சீட்டு நிச்சயம் என்று அவளுடைய பழைய பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். "இந்த வருசம் பாரு. இல்லன்னா உங்கம்மாகூட மீனு விக்கப் போ" என்று அவள் அப்பா கெடு வைத்துவிட்டார். அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் சிதம்பரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில்தான் தென்னாற்காடு ஜில்லா அணிக்கு ஆள் எடுத்தார்கள். தனத்துக்கு அது ஒன்றுதான் வழி.

அன்று காலை நாங்கள் போன பாசஞ்சர் பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. தனம் என்னிடம் கேட்டாள்.

"அமராவதி, இன்னிக்கி நான் உள்ள வராம என் ஆளோடயே நின்னுடட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் இத்தனை நாளும் கை தூக்கியது என் ஆளுக்காக.

அதை விளக்கிவிடுகிறேன். சிதம்பரம் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விருத்தாம்பாள் என்று ஒருத்தி, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரி. அவளுக்குக் காவல் எங்கள் ஞானாம்பாள். விருத்தாம்பாள் ஓடிவரும்போது அவர்கள் அணியின் நெட்டைப் பெண் ஒருத்தி வந்து ஞானாம்பாளின் வழியில் கம்பம் நட்ட மாதிரி நிற்பாள். அதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். ஞானாம்பாள் அதில் முட்டிக்கொண்டு நிற்க, விருத்தாம்பாள் தனியாக வருவாள். நெட்டைக்குக் காவல் நான். நான் நெட்டையை விட்டுவிட்டு விருத்தாம்பாளை மறிக்க வேண்டும். மறித்தவுடனே நெட்டை திரும்பி பேஸ்கட்டைப் பார்த்து ஓடுவாள். அவளை நிறுத்த, பந்து இல்லாத மறுபக்கத்திலிருந்து தனம் உள்ளே வர வேண்டும். தனம் வந்துவிட்டால் அவளுடைய ஆள் பேஸ்கட்டுக்கு அடியில் தனியாக நிற்பாள். அவளைப் பிடிக்க, அதே பக்கத்தில் மேலே நிற்கிற குணசுந்தரி இறங்கி வர வேண்டும். சின்னப் போர்வைக்குள் நாலு பேர் படுத்தால் ஒருத்தி புரளும்போது எல்லாரும் புரள வேண்டாமா? அதேதான்.

ஞானாம்பாள் மாட்டிக்கொண்டால் நான் போவேன். நான் போனால் தனம் வருவாள். தனம் வந்தால் குணசுந்தரி வரமாட்டாள். தனத்தின் ஆள் பந்தை வாங்கி நிதானமாகப் போடுவாள். "யாரோட ஆளு?" தனம் கை தூக்குவாள். ஓடிவந்து உதவி செய்தவள் குற்றவாளி. அசையாமல் நின்றவள் உத்தமி. இந்த நியாயத்தைக் கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

"நீ வராத தனம்" என்றேன். "என் ஆளு அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும். நான் கை தூக்கிக்கிறேன். எனக்கு என்னா சீட்டா போவுது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஜில்லா அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இரண்டு பேர். ஜில்லா சங்கத்தின் செயலாளர் ஒருவர், நம் வக்கீலுக்குக் கூட்டாளி. இன்னொருத்தி சிதம்பரம் அணிக்குச் சொல்லிக்கொடுக்கும் ரத்தினம்மாள் டீச்சர். எதிரணி டீச்சரே ஆள் எடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று அப்போதே எனக்குக் கடுப்பு.

ஆட்டம் ஆரம்பித்தது. விருத்தாம்பாள் வந்தாள், நெட்டை மறித்தாள், ஞானாம்பாள் முட்டிக்கொண்டாள், நான் பாய்ந்தேன். நெட்டை திரும்பி ஓடினாள். திரும்பிப் பார்க்கிறேன், தனம் வந்து நிற்கிறாள். வராதே என்று சொன்னேனே, கேட்டாளா? பந்து அவள் ஆளுக்குப் போனது. பேஸ்கட். வக்கீலின் குரல். தனத்தின் கை. கூட்டத்தில் ஒருவன், "என்னாம்மா, ஆஜர் சொல்றியா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடியும் அதே ஆட்டம், மறுபடியும் அதே கை. நான் குணசுந்தரியைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தன் ஆளுக்கு முன்னால் கோயில் துவாரபாலகர் மாதிரி நின்றாள். அவள் காவல் காத்த பெண்ணோ கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் நான் நேராகக் குணசுந்தரியிடம் போனேன்.

"கீழ எறங்கி வந்தா என்னா கொறஞ்சி போயிடுவ? அந்தப் பொண்ணு பந்து பக்கமே வரல."

"நான் வந்து, அவ அடிச்சிட்டா?" என்றாள் குணசுந்தரி. "என் கைய நீயா தூக்குவ? மாமா கிட்ட நீயா பேச்சு வாங்குவ?"

அவளுக்கும் பயம்தான். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

வக்கீல் வந்தார். தனத்தைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

"ஏம்மா தேவனாம்பட்டினம், உன் ஆள விட்டுட்டு நடுவுல உனக்கு என்ன வேலை? இன்னொரு தரம் கை தூக்கினே, வெளியில வந்து உக்காந்துக்க."

"சார், அது என் ஆளு சார், அவ எனக்காகத்தான் வர்றா" என்றேன்.

"உன் ஆள நீ பாத்துக்கிட்டா அவ ஏன் வரப்போறா?"

அப்படியானால் விருத்தாம்பாளை யார் மறிப்பது, உங்கள் தாத்தாவா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டேன். தனத்தின் தோளைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போய், "சத்தியமா சொல்றேன், இனிமே வராத. வந்தா ஒன்ன ஒக்கார வெச்சிடுவாரு. ஒக்காந்தா சீட்டு போயிடும்" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

சொன்னபடி நின்றாள். நெட்டை தனியாக ஓடினாள், போட்டாள். நான் கை தூக்கினேன். மறுபடி போட்டாள், மறுபடி தூக்கினேன். ஒவ்வொரு முறையும் தனம் உள்ளே வர ஒரு கால் எடுத்து வைத்து, அதைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். ஓடி உதவி செய்யத் தெரிந்த ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு நிறுத்துவது என்றால் என்ன என்று அன்று பார்த்தேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது.

எங்கள் பக்கமும் ஞானாம்பாள் விடாமல் பேஸ்கட் போட்டதால், கடைசி நேரத்தில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. விருத்தாம்பாள் பந்தோடு வந்தாள். ஸ்க்ரீன். நான் மறித்தேன். என் தலைக்கு மேலே பந்து நெட்டைக்குப் போனது. அவள் எம்பினாள். பேஸ்கட்டுக்கு அடியில், தன் ஆளை விட்டுவிட்டு வந்து, தனம் நின்றாள். நெட்டை பந்தைக் கீழே இறக்கி, தனியாக நின்ற தனத்தின் ஆளுக்குக் கொடுத்தாள். "குணா!" என்று நான் கத்தியது வெள்ளாறு வரைக்கும் கேட்டிருக்கும். குணசுந்தரி கொண்டை ஊசிக்காரியை விட்டு அசையவில்லை.

பேஸ்கட்.

வக்கீல் டைம் அவுட் கேட்டு, தனத்தை வெளியில் எடுத்து உட்கார வைத்தார். மிச்சமிருந்த நேரத்தில் நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஒரு பேஸ்கட்டில் தோற்றோம். தனம் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன்டீ வந்த?" என்று திட்டினேன்.

"அவ தனியா போறாளே, எப்பிடி நிக்கிறது?" என்றாள்.

ஆள் எடுப்பவர்களின் மேஜை எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வக்கீல் அங்கே போய்க் குனிந்து பேசினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"எங்க குணாவ நீங்களே பாத்தீங்க. ஆட்டம் பூரா அவ ஆளு ஒரு பாயிண்ட் எடுக்கல."

சங்கத்துக்காரர், "ஆமாமா, பாத்தேன்" என்று எழுதிக்கொண்டார்.

ரத்தினம்மாள் டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எப்பிடிங்க எடுக்கும்? அந்தப் பொண்ணுக்குப் பந்து போடக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். எங்க டீம்லயே அதுதான் சுமாரா ஆடும். உங்க கேப்டன் தன் ஆள விட்டு வராதுன்னு போன தடவையே பாத்துட்டோம். அதனால சும்மா அங்க போய் நில்லு, அது உன்னப் பாத்துக்கிட்டே நிக்கும்னு அனுப்பினேன். மிச்சம் நாலு பேர வெச்சி ஆடினோம்."

வக்கீலுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

"கடைசியில ஒரு பொண்ண வெளிய எடுத்தீங்களே, அது பேரு என்ன?" என்று டீச்சர் கேட்டாள்.

"அது... தேவனாம்பட்டினத்துப் பொண்ணு" என்றார் வக்கீல்.

"தனம்" என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "சின்னதம்பி மக தனம்."

ஜில்லா அணிக்கு எடுத்தவர்களின் பெயர்களை வாசித்தபோது அதில் தனம் இருந்தாள். குணசுந்தரியும் இருந்தாள். கூட்டாளி கூட்டாளிதானே. கை தூக்கிய பாவத்துக்கு நான் இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தனத்தின் சீட்டு நிச்சயமாகிவிட்டது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொறுங்கிவிடும் போல இருந்தது.

குணசுந்தரி சிரித்துக்கொண்டே வந்தாள். மேஜையில் நடந்த பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை.

"தனம், நாம ரெண்டு பேரும் செலக்ட். அங்க போயும் இதே மாதிரி நல்லா ஆடணும்."

நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். தனம் என்னை முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இதே மாதிரி வேணாங்க்கா. அங்க நான் உள்ள போனா நீ எறங்கி வரணும். இல்லன்னா எல்லா ஊர்க்காரங்களும் ஒன் எதிர்ல சும்மா ஒரு பொண்ணத்தான் நிறுத்துவாங்க. இன்னிக்கி இவங்க நிறுத்தின மாதிரி."

குணசுந்தரிக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் கொண்டை ஊசிக்காரி தோழிகளோடு கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் ஸ்கர்ட்டில் புழுதிகூட இல்லை. குணசுந்தரி அவளைப் பார்த்தாள், பிறகு தன் ஸ்கர்ட்டைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

பாவம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே திரும்பவும் கோபம் வந்துவிட்டது.