ஊற்றியவரும் சொன்னவரும்

அவள் டம்ளரைச் சாய்த்துவிட்டாள். நெற்றியில் விழுந்த தண்ணீர் காதோரமாக வழிந்து தலையணைக்குள் இறங்கியது. கொழுந்தன் அண்ணனின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லி முடித்தான். மணி எட்டு ஆவதற்குள் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

அது குடிக்கக் கொடுப்பதற்காக அவள் கொண்டு வந்த தண்ணீர். மூச்சு இழுப்பதைப் பார்த்ததும் இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஊத்துங்க அண்ணி, நான் சொல்றேன்” என்று கொழுந்தன் கத்தினான். அவள் ஊற்றினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயதில் ஒருநாள் கிறிஸ்தவ வேதத்தில் சேரப்போவதாகச் சொன்னார். அண்ணன் எவ்வழியோ தம்பியும் அவ்வழி என்று கொழுந்தனும் கூடவே கிளம்பினான். பக்கத்து மாதா கோயிலில் மூன்றே வாரம் வகுப்பு. அவன் அதை முடித்து ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டான். அவருக்கு அது சரிப்படவில்லை. “அரைகுறையாப் பாத்த லிஃப்ட்ல நான் ஒரு ஆளை ஏத்தினதில்ல. நான் மட்டும் அப்படி ஏறுவேனா?” என்றார். தேடித் தேடி, லத்தீனில் பூசை வைக்கும் ஒரு வயதான சாமியாரைப் பிடித்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அந்தச் சாமியார் விடாக்கண்டர். பழைய ஞானோபதேசப் புத்தகத்தின் கேள்வி பதில் எல்லாம் மனப்பாடமான பிறகுதான் தலையில் தண்ணீர் என்றுவிட்டார். இரண்டு வருஷம் போனார். நுரையீரல் கெட்ட பிறகும் போனார்.

அவளுக்கு எந்தச் சாமியிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவருக்குக் கேள்வி கேட்பது அவள்தான். “உங்களுக்கு நான் எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு. சாமியார் வேற எதுக்கு?” என்பாள். அவர் சிரித்து, இருமி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

ஞானஸ்நானம் ஆன செய்தியைக் கேட்டுச் சாமியார் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. கொழுந்தன் வாசலில் வருகிறவர்களிடமெல்லாம், “என் வாயாலதான் அண்ணன் கரையேறினாரு” என்று சொல்லி அழுதுகொண்டிருந்தான். அவர் கையில் வைக்கலாமென்று அவள் புத்தகத்தை எடுத்தாள். பஸ் டிக்கெட் செருகியிருந்த பக்கம் திறந்துகொண்டது.

‘தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர், வார்த்தைகளைச் சொல்பவர் வேறொருவராக இருக்கலாமா?’

‘கூடாது. ஒரே ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது.’

முந்தாநாள்தான் கேட்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சரியாகச் சொன்னார். அவள் நம்பாவிட்டால் என்ன, அவர் நம்பினாரே.

கொழுந்தனைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

“எங்க வகுப்புல இதெல்லாம் சொல்லவே இல்ல அண்ணி.”

“எனக்குத் தெரியும்டா. கேள்வி கேட்டவளே நான்தானே. அந்த நேரத்துல மறந்துட்டேன்.”

“சாமியார்கிட்ட சொல்லிடுறேன்.”

“சொன்னா? செத்தவருக்கு மறுபடி ஊத்துவாரா?”

அவன் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தான்.

சாமியார் வந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. கட்டிலருகே நின்று கும்பிட்டுவிட்டுப் பையிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார்.

“ஊத்தினது யாரும்மா?”

“நான்தான் சாமி.”

“வார்த்தை சொன்னது?”

கொழுந்தன் வாயைத் திறந்தான்.

“அதுவும் நான்தான்” என்றாள்.

“எப்படிச் சொன்ன, சொல்லு.”

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சாமியார் தலையசைத்துவிட்டு எழுதினார். கொழுந்தன் சுவரோடு சுவராக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேனாவை மூடிக்கொண்டே சாமியார் சொன்னார்: “மனசை விட்டுடாதம்மா. தண்ணி படாமப் போயிருந்தாக்கூட இவரை ஆண்டவர் தள்ளியிருக்க மாட்டார். இவ்வளவு ஆசையோட காத்திருந்த மனுஷன். அந்த ஆசையே போதும். புத்தகத்துல அடுத்த பக்கத்துலயே இருக்கே, படிக்கலையா?”

“அதுவரைக்கும் வரல சாமி” என்றாள்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பதிவேட்டில் மை இன்னும் ஈரமாக மின்னியது. கொழுந்தன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.

சாமியார் கருப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். லத்தீனில் ஒரு வரி சொல்லிவிட்டு, பழக்கத்தில், பதிலுக்காக நிறுத்தினார். பதில் சொல்லக் கற்றவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் கட்டிலில் கிடந்தார்.

இஸ்திரி மேஜையருகே நின்றபடி, எத்தனையோ சாயங்காலங்களில் காதில் விழுந்த அந்த அடுத்த வரியை அவள் சொன்னாள். அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, அவர் இருமலுக்காக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சொல்லி முடித்தாள்.

சாமியார் அடுத்த வரிக்குப் போனார். கட்டிலில் கிடந்தவரின் தலைக்குக் கீழே தலையணை இன்னும் காயவில்லை.