முருங்கை மரத்துக்கு அடித்த மருந்து

மலேசியாவின் கிள்ளானில் அந்த அடுக்குமாடிக்குப் பின்னால் எல்லாரும் சேர்ந்து போட்ட தோட்டத்துக்கு ஒரே சட்டம்தான்: யாரும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அதற்கு முதலில் கை தூக்கியவள் புஷ்பவல்லி. அவளேதான் வியாழக்கிழமை சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, தான் நட்ட முருங்கைக்கு மருந்தடித்தாள். மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. மகளுக்குக் கையெல்லாம் தடித்துவிட்டது. இப்போதைக்கு யார் கீரை பறிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாதாந்திர விருந்து. வேலை முடிந்து அவள் வரும்போது மேசையில் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ரொஹானாவின் சட்டியில் தேங்காய்ப்பால் குழம்பு பச்சையாகக் கொதி அடங்கியிருந்தது.

"என்ன கீரை, கக்?" என்று புஷ்பவல்லி அக்கா முறை வைத்து மலாயில் கேட்டாள்.

"உங்க முருங்கைதான். காலையில நானும் சல்மாவும் பறிச்சோம்."

ராமநாதபுரத்திலிருந்து வந்து ஒரு வருஷமான சல்மா, ஆறு மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதி காலி. மற்றவர்கள் இன்னும் கை வைக்கவில்லை.

"சூடு பண்ணிட்டு வரேன்" என்று புஷ்பவல்லி சட்டியைத் தூக்கினாள்.

"சூடாத்தான் இருக்கு லா" என்று ரொஹானா அதைப் பிடித்துக்கொண்டாள்.

சல்மா அடுத்த வாய்க்குக் கையைத் தூக்கினாள்.

"சல்மா, சாப்பிடாத. கீழ வை."

"ஏன்க்கா?"

"மரத்துக்கு மருந்து அடிச்சிருக்கு. நாந்தான் அடிச்சேன்."

சல்மாவின் கை அப்படியே நின்றது. ரொஹானாவுக்குத் தமிழ் தெரியாது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புஷ்பவல்லி திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் மருந்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மலாயில் அதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே சொல்.

"ராச்சுன்" என்றாள். விஷம்.

ரொஹானா சட்டியை மண்ணில் கவிழ்த்தாள்.

புஷ்பவல்லியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்துப் போத்தலை அவளே டாக்டரிடம் கொடுத்தாள். நான்கு மணி நேரம் கழித்து, குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். ரொஹானா சல்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி பக்கம் திரும்பவில்லை.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்று சல்மா கேட்டாள்.

"வெட்கம்" என்றாள் புஷ்பவல்லி.

மறுவாரம் புஷ்பவல்லி தன்னிடமிருந்த தோட்டத்துச் சாவியை ரொஹானாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். ரொஹானா வாங்கவில்லை. அரிவாளை எடுத்து நீட்டினாள். இருவரும் சேர்ந்து மருந்து பட்ட முருங்கையைக் கிளை கிளையாகக் கழித்து, கறுப்புப் பைகளில் கட்டி வைத்தார்கள்.