கற்பூரத்தில் சொல்லாதது

பாப்பம்மா அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கடைசிச் சொட்டும் சிரட்டைக்குள் விழும்வரை செல்லாயி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு அகப்பை தேங்காய் எண்ணெய். இதை வைத்து மாதம் ஓட்ட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். விளக்கும் கிடையாது, இருட்டுவதற்குள் தின்றுவிட்டுப் படுப்பவர்களுக்கு விளக்கு எதற்கு? இது மகள் ரமணியின் காலில் தடவுவதற்கு. இதே எண்ணெய் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் ஸ்டோரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பது செல்லாயிக்குத் தெரியும். பாப்பம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

"எழுதிக்கக்கா," என்றாள் செல்லாயி.

பாப்பம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக் கோடியில் நாலு பலகையும் ஒரு தராசும்தான் அவள் கடை. குருண் டவுனிலிருந்தும் மெர்போக்கிலிருந்தும் உப்பு, கருவாடு, மாவு என்று தலையில் சுமந்து வந்து விற்பாள். கணக்கெல்லாம் மண்டைக்குள் இருந்தது. ஆனாலும் கடன் சொல்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் எழுதிக்கொண்டதுபோலத் தலையை ஆட்டுவாள். அன்றைக்கு ஆட்டவில்லை.

"கோவிச்சுக்காத செல்லாயி. இதோட எண்ணெ தீந்துச்சு. உப்பு அடியில கொஞ்சம் கெடக்கு. சரக்கு எடுக்கணும்னா கையில எதுனாச்சும் வேணுமே. கடன் வச்சிருக்கறது பூரா இல்லாத சனம், யாரைப் போய் நெருக்குவேன்? கடையை மூடிரலாம்னு இருக்கேன்."

"நீ மூடிட்டா நாங்க எங்கக்கா போறது?"

பாப்பம்மா மரங்களுக்கு அப்பால் தெரிந்த ஸ்டோர்க் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, அகப்பையை விரலால் வழித்துத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரத் துரைமார் மலாயாவை விட்டு ஓடிப்போன பிறகு தோட்டத்துக்குத் துரை யார் என்று கேட்டால், ஜப்பான்காரன் என்று சொல்வார்கள். உண்மையில் சுப்பிரமணியம் கிராணிதான். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிற வேலை நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த சனத்துக்கு எது வந்தாலும் அவர் கை வழியாகத்தான் வரவேண்டும். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது பெயர் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். செல்லாயியின் புருஷன் இருளப்பன் பெயர் மேலேயே இருந்தது. அவன் லாரி ஏறிப் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உயிரோடு இருக்கிறானா என்று கேட்கக்கூட ஓர் இடம் இல்லை. சயாமுக்குப் போனவர்களின் குடும்பத்துக்கு என்று அரிசி வந்தது. வந்ததில் பாதிதான் லயத்துக்கு வரும். மீதிப் பாதியைக் கிராணி தன் ஸ்டோரில் போட்டு, யாருக்கென்று வந்ததோ அவர்களுக்கே மலிவு விலையில் விற்றார். மலிவாக விற்பதால் புண்ணியவான் என்றுகூட இரண்டொருவர் சொன்னார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பெண்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முனியாண்டி சாமி முன்னால் கூடினார்கள். கற்பூரத்துக்கு அப்போதே பஞ்சம். பாப்பம்மா எங்கோ ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு துண்டு, நகத்தளவுதான் இருக்கும். ஆளுக்கொன்றாக ஏற்றி அணைக்க முடியாது என்பதால் எல்லோரும் ஒன்றாகக் கையை வைத்து அமுக்கினார்கள். வேதக்காரி அகத்தா சிலுவை போட்டுக்கொண்டு எல்லோர் கைக்கும் மேலே தன் கையை வைத்தாள். 'கிராணி கையால ஒண்ணும் வாங்க மாட்டோம், பாப்பம்மா கடையிலதான் வாங்குவோம், கூட வித்தாலும் சரி.' இதுதான் சத்தியம். ஒரு வருஷத்தில் பாதிப் பேர் சத்தம் காட்டாமல் ஸ்டோரின் பின்வாசலுக்குப் போய்விட்டார்கள். செல்லாயி போகவில்லை. அவள் ஒன்றும் உத்தமி இல்லை. இருளப்பன் பெயரை எழுதிய கையிலிருந்து ஒரு மணி அரிசிகூட வாங்கக் கூடாது என்கிற வீம்பு, அவ்வளவுதான். அந்த வீம்புக்காக உப்பைக் குறைத்தாள், கருவாட்டைத் தலையும் முள்ளுமாக மூன்று வேளைக்குக் கொதிக்க வைத்தாள். கூட விலை கொடுத்துக் கொடுத்தே கடனும் ஏறியது. ரமணி காய்ச்சலில் கிடந்தபோது கொய்னா மாத்திரைக்காகப் பாப்பம்மா தன் மூக்குத்தியை விற்றாள். அதுவும் அந்தக் கடனில் சேர்த்தி. பாப்பம்மா அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை, அதனாலேயே செல்லாயிக்கு அந்தக் கடை முன்னால் நிற்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

வீட்டில் ஒரு சொத்து இருந்தது. தை மாதம் அகத்தாவோடு மெர்போக் பக்கம் மலாய்க்காரர் வயலில் அறுப்புக்குப் போய், கூலியாகக் கிடைத்த நெல். சாக்கின் வாயை இருளப்பனின் நீலக் கைலியில் கிழித்த துண்டால் கட்டி, பரணில் ஏற்றி வைத்திருந்தாள். அதை அவள் தொடுவதில்லை. ரமணிக்கு மட்டும் தினம் ஒரு கைப்பிடி. ஆறு வயதுக் குழந்தையின் கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து, விழுந்த குழி அப்படியே நின்றது. மரவள்ளியே தின்றால் இப்படித்தான் ஆகும், நெல்லைக் குத்தித் தவிட்டோடு கஞ்சி வை, பயறு கிடைத்தால் இன்னும் நல்லது என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் சொல்லியிருந்தார். வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறாமல் நின்றது அந்தக் கைப்பிடி நெல்லால்தான்.

ஆடி முடியப் போகிற சமயம். கிராணி லயத்துக்குத் தானே நடந்து வந்தார். அந்த வாரம் பூராவும் அப்படித்தான், வீடு வீடாக வந்து வாத்து, கோழி, தையல் மிஷின் என்று கிடைத்ததையெல்லாம் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று லயமே சிரித்தது.

"என்ன செல்லாயி, பரண்ல நெல்லு வச்சிருக்கியாமே?"

"விக்கறதுக்கு இல்லைங்க."

அவர் ஒரு விலை சொன்னார். செல்லாயிக்குக் காது அடைத்தது. பாப்பம்மாவின் கடன், மூக்குத்தியோடு சேர்த்து, முழுசாகத் தீரும். அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சும்.

"மூட்டையோடன்னாதான். அள்ளிக் குடுக்கற சோலியெல்லாம் வேணாம். நாளைக்கு வந்து கேட்டா இந்த வெலை இருக்காது, பாத்துக்க."

அவர் வாசலில் நிற்க, அவள் பின்பக்கமாக அகத்தாவின் வீட்டுக்கு ஓடினாள்.

"வாங்க மாட்டோம்னுதான அகத்தா சத்தியம் பண்ணோம்? விக்க மாட்டோம்னு சொல்லலியே?"

அகத்தா மரவள்ளி சீவுவதை நிறுத்தினாள். "சொல்லலதான்."

"கடன் தீந்துரும். அந்தக் காசுல அக்கா சரக்கு எடுக்கும், கடை நிக்கும். நெல்லு போனா பயறு வரும்லா."

"எனக்கு என்னமோ சரியாப் படல புள்ள. அந்தாளு நஷ்டத்துக்கு எதையாச்சும் வாங்கி நீ பாத்திருக்கியா? ஆனா ஓங் கடன், ஓம் புள்ள. நான் என்னத்தச் சொல்றது."

சொல்லியிருக்கலாம் அகத்தா. ஆனால் சொல்லியிருந்தாலும் செல்லாயி கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். கடன் தீர்வதன் ருசி அவள் நாக்கில் ஏற்கனவே ஏறிவிட்டது. இரண்டு கைப்பிடி மட்டும் சிரட்டையில் எடுத்து வைத்துக்கொண்டு, சாக்கைத் தானே இறக்கிக் கொடுத்தாள். ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டுகள், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

பாப்பம்மா அந்தக் கட்டைப் பார்த்துப் பயந்துவிட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டாள், செல்லாயி சொன்னாள்.

"நெல்லாவே கொண்டாந்திருக்கலாமே புள்ள," என்றாள் பாப்பம்மா. பிறகு செல்லாயியின் முகத்தைப் பார்த்து, "சரி, நோட்டுன்னா சுமக்கத் தேவையில்ல," என்று சிரித்தாள்.

யாருடைய கடனாவது முழுசாகத் தீர்ந்தால் ஒரு கைப்பிடி உப்பைச் சும்மா கொடுப்பது பாப்பம்மாவின் வழக்கம். பானையைச் சாய்த்து அடியில் கிடந்ததை வழித்துச் செல்லாயியின் முந்தானையில் போட்டாள். "விடிஞ்சதும் குருணுக்குக் கெளம்பறேன். பயறு வாங்கியாந்து மொதல்ல ரமணிக்குத்தான்," என்றாள். செல்லாயிக்கு அழுகை வந்துவிட்டது. லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. ரமணியை மடியில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பயத்தங் கஞ்சி, வெல்லம் கிடைத்தால் வெல்லமும் போட்டு, என்று கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரோட்டுப் பக்கமிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜப்பான்காரன் தோற்றுவிட்டானாம், சண்டை முடிந்துவிட்டதாம். லயத்துப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். சயாமுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், ஒருத்தி சிரித்தாள். செல்லாயியும் அழுதாள். இருளப்பன் எந்த வழியாக வருவான், இந்தப் பிள்ளையை அவனுக்கு அடையாளம் தெரியுமா என்றெல்லாம் மனது ஓடியது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாப்பம்மா வந்தாள். தலையில் கூடை இருந்தது. வெறுங்கூடை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

செல்லாயி பின்னாலேயே ஓடினாள்.

"கடையெல்லாம் பலகை போட்டு அடைச்சிட்டான்," என்றாள் பாப்பம்மா. "ஒரு சீனக் கடைத் தவுக்கே மட்டும் பாதி தெறந்து வச்சிருந்தான். நோட்ட நீட்டுனேன், கையாலகூடத் தொடல. 'இனி லாக்கு இல்ல, செல்லாது, தூரப் போடு'ங்கறான். பாசார்ல இந்த நோட்டு காத்துல பறக்குது, குனிஞ்சு எடுக்க ஆளில்ல."

அப்போதுதான் செல்லாயிக்குக் கிராணி வந்து வாசலில் நின்றது புரிந்தது. வாத்து, தையல் மிஷின், நெல் எல்லாமே புரிந்தது. டவுனுக்குப் போய் வருகிற மனுஷன், நாலு பேரைத் தெரிந்தவர், முன்கூட்டியே காதில் விழுந்திருக்கிறது. தன்னிடமிருந்த காகிதத்தையெல்லாம் லயத்தில் கொட்டிவிட்டுத் தின்னுகிற, விலை போகிற பொருளையெல்லாம் தன் ஸ்டோரில் ஏற்றிவிட்டார். அவர் கொட்டிய குப்பையைத் தன் கையாலேயே சுமந்துகொண்டு வந்து பாப்பம்மாவின் தலையில் கொட்டியவள் அவள்.

"அக்கா, அந்த நோட்ட என்கிட்டயே குடுத்துரு. கடன் அப்படியே இருக்கட்டும். நான் எப்படியாச்சும் அடைக்கறேன்."

"எதைக் கொண்டு அடைப்ப?"

செல்லாயி நோட்டுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள்.

"நீ குடுத்த, நான் வாங்கிட்டேன். உப்பும் குடுத்தாச்சு. போ செல்லாயி, பிள்ளையைப் பாரு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். களைத்துப்போன குரலில் சொல்லிவிட்டு, பாப்பம்மா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். கடன் கொடுத்து ஒரு நாளும் திட்டாதவள், இனிமேல் அவளிடம் பட்ட கடனும் இல்லை. அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது என்று செல்லாயிக்குத் தோன்றியது.

சிரட்டையில் இருந்த நெல் இரண்டு நாள் வந்தது. அதன் பிறகு மரவள்ளித் தழையை அந்த உப்பைப் போட்டு அவித்துக் கொடுத்தாள். ரமணி இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயறு எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை. வீக்கம் தொடை வரைக்கும் ஏறியிருந்தது. செல்லாயி விரலை வைத்து அமுக்கிப் பார்த்தாள், பிறகு அமுக்கிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு எழுந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைச் செம்பு. கழுத்தடியில் 'இருளப்பன்' என்று பெயர் வெட்டியிருந்தது.

ஸ்டோரின் பின்வாசலில் பெண்கள் நின்றார்கள். குடம், குத்துவிளக்கு, தோடு என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அகத்தா நின்றாள். அவளுக்கு முன்னால், முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றவள் பாப்பம்மா. அவள் கையில் தராசு, இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கயிற்றைச் சுற்றியிருந்தாள்.

கிராணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல தராசு," என்றார். ஒரு கொட்டாங்கச்சி நெல்லை அள்ளி அவள் மடியில் போட்டார். பாப்பம்மா மடியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினாள். செல்லாயியைத் தாண்டிப் போகும்போது கால் ஒரு நிமிஷம் தயங்கியதுபோல் இருந்தது. பிறகு போய்விட்டாள்.

செல்லாயியின் முறை வந்தது. புதிதாக வந்த தராசைக் கிராணி உத்தரத்து ஆணியில் மாட்டினார்.

"எடைக்கு எடை," என்றார்.

செம்பை ஒரு தட்டில் வைத்தார். தட்டு சட்டென்று கீழே இறங்கியது. பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்தார். வாயில் நீலக் கைலித் துண்டு. அவள் போட்ட முடிச்சு இறுகிக்கிடந்ததால் அவருக்கு அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். ஒரு கை நெல்லை அள்ளி எதிர்த் தட்டில் போட்டார். இன்னொரு கை. இருளப்பன் பெயர் இருந்த பக்கம் இன்னும் கீழேயேதான் இருந்தது. மூன்றாவது கையைச் சாக்குக்குள் விட்டவர் உடனே வெளியே எடுக்கவில்லை. செல்லாயி அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.