மதிய மாத்திரை

அவள் தட்டச்சு செய்தால் பிழையே வராது. அலுவலகத்தில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். கண் தாளில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். என்ன அடித்தாய் என்று கேட்டால் விழிப்பாள். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் அவள் காலை வாரியது.

தட்டச்சுப் பிரிவை மூடப்போகிறார்கள். புரோகிராம் எழுதும் தேர்வில் தேறுகிறவர்களுக்கு மட்டும் வேலை மிஞ்சும். கணவன் லேத் பட்டறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறான்; குடும்பம் ஓடுவது இவள் சம்பளத்தில். ஆகவே ஒரு பாடப்புத்தகம் வாங்கி, அதிலிருந்த புரோகிராம்களை ஒன்று விடாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துத் தள்ளினாள். எல்லாம் முதல் தடவையே ஓடின. தனக்கு வந்துவிட்டது என்று நம்பினாள், பாவம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அவன் படுத்தபடியே வம்புக்கு இழுத்தான்.

"இவ்ளோ கத்துக்கிட்டியே, எந்த வேளைக்கு எந்த மாத்திரைன்னு அந்தக் கம்ப்யூட்டரையே எனக்குச் சொல்லச் சொல்லேன். காலையில வெள்ளை, மதியம் சிவப்பு. உன்கிட்ட திட்டு வாங்குறதாவது மிச்சமாகும்."

"இதென்ன பெரிய வித்தை?" என்று உட்கார்ந்தாள்.

புத்தகத்தில் அப்படியொரு புரோகிராம் இல்லை. எதிரே வெறும் திரை. எதைப் பார்த்து அடிப்பது? முதல் வரியே வரவில்லை.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. இத்தனை நாளும் வெறும் காப்பிதான் அடிச்சிருக்கேன். நாளைக்கு என்னத்தை எழுதுவேன்?"

விசும்பி அழுதாள். அவனுக்கும் பயம்தான். ஆறுதல் சொல்ல அவனுக்கு என்றைக்குமே வராது.

"அழுதுக்கிட்டே அடி," என்றான்.

அடித்தாள். பிழை. மறுபடி அடித்தாள், மறுபடியும் பிழை. பிழையே அறியாத விரல்களுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? எந்த வரியில் கோளாறு என்று திரை சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது. அடித்ததை வாழ்க்கையில் முதல் தடவையாக வாசித்துப் பார்த்தாள். மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகு ஒருவழியாக ஓடியது. மணி என்ன என்று திரை கேட்டது. மதியம் இரண்டு; பதினான்கு என்று கொடுத்தாள்.

வெள்ளை மாத்திரை, என்றது.

"சரிதான், ஆளைக் காலி பண்ணப் பாக்குறே," என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்துக்கு நீண்ட கை பாதியில் நின்றது.

"மணி எட்டைத் தாண்டிடுச்சான்னு முதல்ல கேக்குறேன். பதினாலும் எட்டைத் தாண்டினதுதானே? அங்கேயே வெள்ளைன்னு சொல்லிட்டு நின்னுடுது, மதியமான்னு கேக்கவே இல்லை. அந்தக் கேள்வியை முன்னாடி போடணும்."

மாற்றினாள். சிவப்பு, என்றது. அவன் கையை நீட்டினான். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள்.

விடிந்தால் தேர்வு. அத்தனை பெரிய புத்தகத்தை அடித்து முடித்தும் அவளுக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். புத்தகத்தை எடுத்து அவன் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"நானே கேட்டாலும் குடுக்காதீங்க. ராத்திரி மாத்திரையையும் நானாவே எழுதிச் சேக்கணும்."