ஆறு அங்குலம்

காலை ஒன்பதரைக்கே மக்பூல் ஹாஜியார் வந்து உட்கார்ந்துவிட்டார். ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேலே துரைராசாவின் கட்டட வரைபட அலுவலகம். கம்ப்யூட்டர் இரண்டு இருந்தாலும் வேலை தெரிந்த கை ஒன்றுதான், சண்முகவடிவின் கை. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து ஆறு மாதம்.

"ரோட்ட ஒசத்தி தார் போட்டுட்டாங்க மகள். மழ பேஞ்சா தண்ணி எல்லாம் கட்டப்போற எங்கட கடைக்குள்ளதான். படத்துல தரைய ஒம்பது அங்குலம் தூக்கித் தாங்க" என்றார் ஹாஜியார்.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டிலும் அதே வழக்குதான். மேட்டு லயத்து வீட்டு வரிசையின் தண்ணி அவர்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் வருகிறது. தரையை ஆறே அங்குலம் உயர்த்த அனுமதி கேட்டு, அவள் வரைந்து கொடுத்த படத்தோடு அப்பா வீரய்யா இன்றைக்குத்தான் தோட்ட ஆபீசுக்குப் போயிருக்கிறார்.

"ஒரு மணிக்குள்ள முடிக்க ஏலுமோ பிள்ளை? இண்டைக்குப் பிரதேச சபையில குடுக்காட்டி இந்த வேலை கண்டி ஆபீஸ் ஒண்டுக்குப் போயிடும். பிறகு உம்மை நிரந்தரமாக்கிறது கஷ்டம்" என்றார் துரைராசா.

"செஞ்சிருவேங்க சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் ஒரே குழப்பம். கினிகத்தேனைச் சரிவில் எழும்பப்போகும் கட்டடம். ரோட்டுக்குக் கீழே இரண்டு தளம், ரோட்டோடு கடை, அதற்கு மேல் இரண்டு. மொத்தம் ஐந்து; தளத்துக்கு ஒரு மட்டக்கோடு என்று ஐந்தே போதும். முன்பு இருந்த ஆளோ பத்தொன்பது மட்டம் போட்டு வைத்திருந்தான்! சமதரையில் கட்டுகிற மாதிரி பள்ளத்தின் அடியிலிருந்து எண்ணத் தொடங்கி, வழிதவறும்போதெல்லாம் புதிதாக ஒன்று போட்டிருக்கிறான். வேண்டாததை அழிக்கலாமென்றால், அந்த மட்டத்தில் நிற்கிற சுவரும் கதவும் கூடவே போய்விடும்.

வடிவு லயத்தில் பிறந்தவள். மலையில் எதை எங்கிருந்து எண்ணுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டைப் பூச்சியமாக்கினாள். கீழே இரண்டுக்குக் கழித்தல், மேலே இரண்டுக்குக் கூட்டல். பிறகு ஒவ்வொரு சுவராக, ஒவ்வொரு கதவாகப் பிடித்து அதனதன் மட்டத்துக்கு மாற்றினாள். வெறுமையான பதினான்கையும் கடைசியில்தான் அழித்தாள். ஒரு ஜன்னல்கூடக் காணாமல் போகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அது பொறுமை இல்லை, தவம்.

மேல் தளங்களைக் கடைத்தளத்தோடு பூட்டிவிட்டு ஒன்பது அங்குலம் என்று அடித்தாள். கடையும் மேல் இரண்டு தளமும் கூரையும் ஒன்றாக எழும்பின. கீழிருந்து வரும் படி பதினெட்டு, ஒவ்வொன்றும் அரை அங்குலம் உயர்ந்து கடை வாசலைத் தொட்டது.

"யா அல்லாஹ்! முழுக் கட்டடமும் எழும்புது!" ஹாஜியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"பன்னிரண்டே முக்கால்தான் ஆகுது" என்றார் துரைராசா, மணிக்கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து. "நாளைக்கே கடிதம் அடிக்கிறன் பிள்ளை."

சந்தோஷம் தாங்காமல் பஸ்ஸில் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். தலவாக்கலை தாண்டியதும் மழை பிடித்தது. வீடு வந்து சேர்ந்தபோது காம்பராவுக்குள் கணுக்கால் தண்ணி. அம்மா அம்மாக்கண்ணு தட்டால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசில என்ன சொன்னாங்கப்பா?"

வீரய்யா படத்தை நீட்டினார். மடிப்புகூடப் பிரியவில்லை. "பாக்கவே இல்லம்மா. காம்பரா தோட்டத்துதாம். ஒரு அங்குலம்கூட ஒசத்தக் கூடாதாம். மீறினா காம்பராவ விட்டுப் போகணும்னுட்டாங்க."

வடிவு தண்ணித்தொட்டியடியில் கிடந்த செங்கற்களை எடுத்து வந்தாள். அப்பா கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, காலுக்கு இரண்டு கல்லாக வைத்தாள். அரிசி மூட்டையும் துணிமணியும் கட்டிலுக்கு ஏறின. ஒரு கால் மட்டும் ஆடியது. அப்பா திருப்பிக் கொண்டுவந்த படத்தை இன்னும் இரண்டாக மடித்து அந்தக் காலுக்கடியில் செருகினாள். கட்டில் மட்டமாக நின்றது.