இரும்புப் பிடி போட்ட மண்வெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது என்று தொடங்கினால் நன்றாக இருக்கும். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. அதிலிருந்துதான் வந்தது.

மாமாவின் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். பதில் சொல்லச் சொன்னால், தெரிந்த பதிலும் தொண்டையைத் தாண்டாது. (வீட்டில் வேறு காரணம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை எழுத வேறு நோட்டு இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "அந்தத் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருந்தாள். அவள் கைகள் பூப்போல—"

இல்லை. விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள், கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு. அவளுக்கு அந்தக் கைதான் சோறு.

இரண்டாவது தொடக்கம், நடந்தபடியே: போன வாரம் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. மண்ணுன்னு பேரு, பூரா கல்லு. எலுமிச்சைக் கன்னு பக்கெட்டுலயே வேர் சுத்திக்கிட்டு நிக்குது. எதை வச்சுத் தோண்டுறது?"

மாமா யோசிக்கவே இல்லை. "இந்தாங்க, இரும்புப் பைப்புல பிடி போட்ட மண்வெட்டி. உங்க பேரன் காலத்துக்கும் உடையாது."

"எனக்குக் கல்யாணமே ஆகல. நீங்க பேரன் வரைக்கும் போயிட்டீங்க." தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே?"

"கனமா இருந்தாத்தான் அதுவே வேலை செய்யும்."

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கடைக்குப் பின்னால் துணி காயப்போடக் கம்பம் நட்டபோது குழி தோண்டியது நான்தான். மாமா விற்பனைக்கு வைத்திருந்த கருவிகளையே கொடுத்தார். பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, பழையபடி மாட்டிவிட்டோம். (யார் வாங்கினார்களோ, மன்னிக்க வேண்டும்.)

நான்கு நாளில் கைக்குத் தெரிந்தது இவ்வளவு. முந்தின நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட வேண்டும். கூரான கடப்பாரையைக் கல்லின் ஓரத்தில் இறக்கி நெம்ப வேண்டும். பிறகு தலை சின்னதாக இருக்கும் பிக்காசால் கொத்த வேண்டும். மண்வெட்டி கடைசியில், அள்ளுவதற்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடி மரமாக இருக்க வேண்டும். கல்லில் பட்ட அதிர்வை மரம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரும்புப் பைப்பு அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். பிடி உடையாது, சரிதான்.

இத்தனையும் தெரிந்துதான் அந்த மண்வெட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

4

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. தெரிந்தும் வாய் திறக்காத கடைப் பெண்ணுக்குக் கூச்சம் என்ற ஒரு காரணம் போதுமா? போதாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய் நோட்டில் அந்தப் பெண்ணைப் பேச வைத்தேன். "அக்கா, இது வேணாம், மரப்பிடி எடுத்துக்கோங்க" என்று அழகாகச் சொன்னாள். தையல்கார அக்கா சிரித்தாள். நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

5

நேற்று அக்கா வலது மணிக்கட்டில் துணிக்கட்டோடு வந்தாள்.

"அரை சாண் கூட இறங்கல அண்ணே. கத்தரிக்கோல் பிடிச்சா சுரீர்ங்குது. யூனிபார்ம் துணி வெட்டாம கெடக்கு."

"கனம் பத்தலம்மா. பெரிய பிக்காசு வருது, அதுவும் பைப்புப் பிடிதான். நாளைக்குக் காலையில வாங்க."

"சரி, இன்னொரு வாட்டி பாக்குறேன். கை போச்சுன்னா நீங்கதான் உக்காந்து தைக்கணும், சொல்லிட்டேன்."

மாமா சிரித்தார். நான் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

6

முடிவுகள்:

அ. பெண் சொல்லிவிடுகிறாள். அக்கா மரப்பிடியைத் தடவிப் பார்த்து—

ஆ. சொல்லவில்லை. அந்தக் கை இனிமேல்—

இ. ஒரு சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் வைத்துவிடுகிறாள். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே வேண்டாம்.)

மூன்றையும் அடித்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது, இரும்பு தூக்கியதால் மட்டும் இல்லை. எழுதி முடித்தால் எனக்குச் சொல்லி முடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இதற்கு முடிவு எழுதப்போவதில்லை. வேண்டுமென்றால் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிம்மதியாகத் தூங்கினால் யார் கையும் போகாது.

கடை திறந்தாயிற்று. மாமா புதுப் பிக்காசின் மேல் சுற்றிய தாளைப் பிரிக்கிறார். அக்கா இடது கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டு சாலையைக் கடக்கிறாள்.

பேனாவை மூடிவிடுகிறேன். கையில் இருந்தால் எழுதிவிடுவேன்.