வசந்தகுமாரியின் இருபது நிமிடம்

மூன்று மணிக்குக் காணொளிச் சந்திப்பு; இருபது நிமிடம், மூன்று இருபதுக்குத் திரை தானாக அணைந்துவிடும். வசந்தகுமாரியின் மகன் கபிலன் மறுநாள் காலை கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போகிறான். தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டால் சில வாரங்களுக்கு வெளியே விடமாட்டார்கள். இன்று பார்த்தாக வேண்டும்.

ஆனால், ஒரு மணிக்கு அறிவித்திருந்த மனித உரிமைப் பயிலரங்கு அவள் கைதியாக இருந்த பெண்கள் சிறையில் இரண்டு மணிக்குத்தான் தொடங்கியது. தொண்டு அமைப்பிலிருந்து வந்த மங்களம் அம்மையார் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டு, பீடாச் சிவப்பு மாறாத உதடுகளோடு வந்து சேர்ந்தார்.

"உங்கள் கண்ணியத்தை யாராலும் பறிக்க முடியாது," என்று தொடங்கினார்.

பின்வரிசையில் சிரிப்பு அடக்கப்பட்டது. சென்ற பயிலரங்குக்குப் பிறகு, சிறையறைக்குள்ளேயே மறைப்பின்றி இருந்த கழிப்பிடத்துக்கு அப்பெண்கள் வைத்திருந்த பெயர் 'கண்ணியம்'. 'கண்ணியத்துக்குப் போறேன், திரும்பிக்குங்க' என்பது அன்றாட வழக்காகிவிட்டது.

மணி இரண்டு ஐம்பது. பயிற்றுநர் வருகைப் பட்டியலில் கையொப்பமிடாமல் யாரையும் வெளியே அழைத்துச் செல்லக் கூடாதென்பது விதி. வாசலில் நின்ற அதிகாரி அனம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கையைத் தூக்காதீங்கக்கா, தூக்கினா கைதட்டுவாங்க லா," என்று கிசுகிசுத்தாள் அறைத்தோழி ரோஷினி.

வசந்தகுமாரி கையை உயர்த்தினாள். "மேடம், என் மகன் மூணு மணிக்கு ஸ்கிரீன்ல வருவான். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போயிருவேன்."

"பாருங்கள்! ஒரு பெண் குரல் எழுப்பியிருக்கிறார்," என்றார் அம்மையார், கண்கள் பனிக்க. "கைதட்டுங்கள்."

தட்டினார்கள்.

"குடும்பத்தோடு பேசுவது உங்கள் உரிமை. அதைப் பற்றித்தான் அடுத்த பகுதி. உட்காருங்கள்."

அந்தப் பகுதி பதினெட்டு நிமிடம் நீடித்தது. பிறகு கருத்துப் படிவம்: 'என் குரல் மதிக்கப்பட்டதாக உணர்ந்தேன்' என்பதில் தொடங்கிப் பன்னிரண்டு வாக்கியங்கள். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்று குறியிட்டு நீட்டினாள் வசந்தகுமாரி. அம்மையார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதன்பின் கையொப்பமிட்டார்.

அனம் வேகமாக நடந்தார். வசந்தகுமாரி ஏறத்தாழ ஓடினாள். திரை ஒளிர்ந்தபோது மூன்று பதினேழு.

"ஏம்மா லேட்டு?"

"மனித உரிமைடா." அவன் விழித்தான். அவள் அதை விட்டுவிட்டாள். "காலுக்குப் பவுடர் வாங்கினியா?"

"சரசு சித்தி வாங்கிக் கொடுத்தாங்க."

"நாளைக்கு முடிய எடுத்துருவாங்கல்ல. கொஞ்சம் குனி, பாத்துக்கறேன்."

குனிந்தான். அடர்ந்த சுருள்முடி திரையை நிறைத்தது. தலையை நிமிர்த்தாமலே, "எனக்குப் பயமா இருக்கும்மா," என்றான்.

அவள் வாய் திறந்தாள். திரை அணைந்தது.

"டைம் முடிஞ்சிருச்சுக்கா," என்றார் அனம், தரையைப் பார்த்தபடி.